குளத்தோரத்து இருபத்தேழாம் எண்

அமெரிக்காவின் கேப் காட் பகுதியில் உள்ள அந்தப் பூங்காவில் கூடாரம் போட எத்தனையோ இடங்கள் உண்டு. ஆல்டனுக்கு இருந்தது ஒன்றே ஒன்று: குளத்தோரம், பைன் மரங்களுக்கு நடுவே, இருபத்தேழாம் எண். இருபத்திரண்டு ஜூலைகளாக அவரும் மனைவி லோர்னாவும் அங்கேதான்.

இந்த வருடம் மனிதர் கோட்டை விட்டுவிட்டார். மார்ச்சில், குறித்த நாளன்று காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். ஐந்தே நிமிடத்தில் குளத்தோர இடங்கள் தீர்ந்துவிடும். ஏழே முக்காலுக்கே காப்பியோடு கணினி முன் உட்கார்ந்தார். கோடைக்கால நேரத்துக்காக ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்த ஞாயிறு அது. அவர் நம்பிய சமையலறைக் கடிகாரத்தை மட்டும் யாரும் தள்ளவில்லை. தள்ளி வைப்பது அவருடைய வேலைதான். உண்மையில் அப்போது மணி எட்டே முக்கால். மிஞ்சியிருந்தது கழிப்பறைக்குப் பக்கத்து இடம்.

இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த லோர்னாவிடம், குளத்தைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்க வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். எப்படிச் சொல்வது? நான்கு மாதமாக வார்த்தை வாய் வரை வந்து திரும்பிப் போனது.

ஜூலை வந்தது. பூங்காவுக்குள் கார் வழக்கமான திருப்பத்தைத் தாண்டியது.

“வழி தப்பிட்டியா?” என்றாள் லோர்னா.

காரை நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“அதான் மார்ச்சுலேருந்து நான் சொல்லாமலே பாத்திரம் கழுவுனியா?”

லோர்னா கைத்தடியோடு இறங்கிக் கழிப்பறை வரை நடந்துபோய்த் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

“ஒரு நிமிசம் கூட ஆகல. அங்கன்னா ராத்திரி ரெண்டு தடவ டார்ச்சோட மேடு ஏறணும். இருபத்திரண்டு வருசமா ஏறுறேன்.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, லோர்னா.”

“காலைல அந்தக் குளத்தப் பாக்குறப்ப உன் மூஞ்சி ஒண்ணு இருக்கே. அதுகிட்ட எப்படிச் சொல்றது?”

ஆல்டனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அவள்மேல் பிரியம் பொங்கியது. கூடாரத்தை விரித்து, வாசலைக் கழிப்பறைப் பக்கம் பார்க்க வைத்து முளை அடித்தார்.

“குளம் அந்தப் பக்கம்யா.”

“தெரியும். காலைல காப்பியோட உன்னைக் கார்ல கூட்டிட்டுப் போறேன். ராத்திரி நீ நேரா நட.”

லோர்னா நாற்காலியில் சாய்ந்து கால் நீட்டிக்கொண்டாள்.

“அடுத்த மார்ச்சுலயும் அந்தக் கடிகாரத்தத் தொட்டுடாத.”