பதினேழும் பதினெட்டும்

எட்டாம் வகுப்பை நடுவருடத்தில் என் தலையில் கட்டினார்கள். நாற்பத்திரண்டு பெண்கள். ஒவ்வொருத்தியாகப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தால் பாடம் எப்போது நடத்துவது? வருகைப் பதிவேட்டு எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவேன், பரீட்சைத் தாளிலும் எண் போட்டால் போதும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

முன்பிருந்த டீச்சர் போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார். பதினேழாம் எண் சரியான வாயாடி, வகுப்பையே கெடுப்பாள், ஜாக்கிரதை. தலைமை ஆசிரியையும் அதையேதான் சொன்னார். இந்தப் பருவமும் அவளைப் பற்றி நல்ல அறிக்கை வராவிட்டால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்களாம்.

ஆனால் பதினேழு வாயே திறக்கவில்லை. புது டீச்சரை ஆழம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இரண்டாம் வாரமும் திறக்கவில்லை. கல்லுளிமங்கி என்று முடிவு கட்டினேன். பின்வரிசையில் யார் சிரித்தாலும் அவளைத்தான் எழுப்பி நிற்கவைப்பேன். மறுபேச்சில்லாமல் நிற்பாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவளுக்குப் பக்கத்தில் பதினெட்டு. தங்கமான பெண். கேட்காமலே கரும்பலகையைத் துடைப்பாள், சண்டை வந்தால் விலக்கிவிடுவாள். அவளை வகுப்புத் தலைவியாக்கினேன். அவள் திரும்பி ஒரு முறை முறைத்தால் பின்வரிசை கப்சிப்.

திங்கட்கிழமை அறிக்கை எழுதிக் கொடுத்தேன். பதினேழு திருந்தவில்லை, வாயைத் திறக்காமல் உள்ளுக்குள் ஏதோ திட்டம் போடுகிறாள் என்று எழுதினேன்.

புதன்கிழமை அவள் அம்மாவை வரவழைத்தார்கள். தையல் கடையிலிருந்து நேரே வந்திருந்தார், கழுத்தில் அளவு நாடாவோடு. தலைமை ஆசிரியையின் அறையில் அறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எம் பொண்ணா வாயே திறக்க மாட்டேங்கறா? தூக்கத்துலகூடப் பேசுவாளே டீச்சர்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது.

"நீங்க தலைவியாக்கினீங்கன்னு வீட்ல வந்து குதிச்சாளே. அப்ப அதுவும் பொய்யா?"

பதிவேட்டைப் புரட்டினேன், மூடினேன், மறுபடி புரட்டினேன். கடைசியில் பதினேழை அழைத்து வரச் சொன்னேன். வந்து நின்றவளை அந்த அம்மா மேலும் கீழும் பார்த்தார்.

"இது யாரு?"

பின்னாலேயே ஓடிவந்தாள் பதினெட்டு. எல்லாவற்றையும் அவள்தான் கொட்டினாள். பள்ளிக்கூடத்தில் தன்னைத் தெரியாத ஒரே டீச்சர் நான்தானாம். கெட்ட பெயர் இல்லாமல் இருந்து பார்க்க ஒரே ஒரு வாரம் எண்ணை மாற்றிக்கொள்ளலாமா என்று பக்கத்துப் பெண்ணிடம் கெஞ்சினாளாம். ஒரு வாரம் ஏழு வாரமாகிவிட்டது. மற்ற நாற்பது பேரும் மூச்சு விடவில்லை.

யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் விழித்தேன். ஏமாற்றியவள் மேலா, என்னைத் தலையாட்டவைத்த அந்த முன்னாள் டீச்சர் மேலா? நான் பாராட்டித் தள்ளியவளைத்தான் நானே வெளியே அனுப்பக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அறிக்கையைத் திருப்பிக் கேட்டு வாங்கிக் கிழித்தேன். புதிதாக எழுதித் தருகிறேன் என்றேன். தலைமை ஆசிரியை என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் தடுக்கவில்லை. அந்த அம்மா மகளின் முதுகில் ஒன்று வைத்தார், உடனே அணைத்தும் கொண்டார்.

அமைதியானவள் மட்டும் வராந்தாவில் நின்றிருந்தாள். ஏழு வாரத் திட்டையும் வாங்கியவள் அவள்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் சொல்லவில்லை, என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"மூணு வருஷமா எந்த டீச்சரும் என்னைக் கூப்பிட்டதில்ல. நீங்க தினமும் கூப்பிட்டீங்க."

திட்டத்தானே கூப்பிட்டேன் என்றேன். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"பரவாயில்ல டீச்சர். இனிமேலும் கூப்பிடுவீங்களா?"

இவள் முதல் நாளிலேயே தன் எண்ணோடு உட்கார்ந்திருந்தால், நான் இவளை ஒரு தடவையாவது பார்த்திருப்பேனா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கூப்பிடுவேன் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.