அடித்தால் இறுகும் எண்ணெய்

அவள் புருஷனுக்குக் கை முந்தும், காது பிந்தும். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவளுக்கு ஒரு பல் போனது, இரண்டு விலா எலும்பு முறிந்தது. போதுமடா சாமி என்று அண்ணனுடைய பட்டறைக்கே வந்துவிட்டாள். அங்கே எஞ்சின் தூக்கும் மேடையின் சிலிண்டரில், எண்ணெய்க்குப் பதிலாக ஒரு வெள்ளைக் குழம்பைக் கலந்து ஊற்றியவள் அவள்தான். மெதுவாகத் தள்ளினால் அது தண்ணீராய் ஓடும். வேகமாக அடித்தால் கல்லாகிவிடும்; அடி ஓய்ந்ததும் மறுபடி இளகிவிடும். மேடை சட்டென்று விழுந்து யாரையும் நசுக்கிவிடக் கூடாதே என்றுதான் அந்த ஏற்பாடு.

அன்று காலை அண்ணன் மேடைக்கு அடியில் மல்லாந்து படுத்து போல்ட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். மேலே ஒரு டன் எஞ்சின். புருஷன்காரன் சம்மட்டியோடு உள்ளே வந்தான்.

"என் பொண்டாட்டிய என்கிட்டருந்து பிரிச்சிட்டு, நீ நிம்மதியா இருந்துடுவியா மச்சான்?"

அவள் ஓடிவந்து மறித்தாள். முகத்தில் விட்டான் ஒரு குத்து. மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட, சுவரோரம் போய் விழுந்தாள். அவன் இறக்கும் வால்வை ஒரே அடியில் திறந்துவிட்டான்.

மேடை ஒரு சாண் சரிந்து, 'ணங்' என்று நின்றது. ஐயோ, அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"சிக்கிக்கிச்சா? போகட்டும், கையாலயே முடிக்கிறேன்." குப்புறப் படுத்து, உள்ளே கைவிட்டு அண்ணனின் கழுத்தை நெரித்தான்.

"கைய எடுங்க! அது நிக்கல, இறங்கிட்டிருக்கு!" என்று அவள் கத்தினாள்.

"வாய மூடுடி! எனக்குத் தெரியாதா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். மேடை சத்தமில்லாமல் இறங்கியது. அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரால் அவன் விரல்களை நொறுக்கி, பிடி தளர்ந்ததும் மறுபக்கம் உருண்டு தப்பினான். விடுவானா இவன்? அண்ணனின் காலையாவது பிடித்து இழுக்கலாமென்று தோள்வரை கையை நுழைத்தான். மேடை அந்தக் கைமேல் உட்கார்ந்தது. முழங்கை மடமடவென்று முறிந்தது.

"தூக்குடி! சீக்கிரம் தூக்கு!" என்று அலறினான்.

அவள் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வால்வை மூடினாள். பம்புக் கைப்பிடியைப் பிடித்து நிதானமாக ஒரு அழுத்து, பிறகு இன்னொன்று.

"அவசரப்பட்டா இறுகிடுங்க. மெதுவாத்தான் வரும்" என்றாள்.

அது பொய்யில்லை. ஆனால் இன்னும் கொஞ்சம் வேகமாகவே அழுத்தியிருக்கலாம். அது அவளுக்குத் தெரியும்.