நாற்பத்தோராம் பக்கம்

ஆட்டத்தின் விதிப்புத்தகம் புதிய பதிப்பாகத் தபாலில் வந்த சனிக்கிழமை ஆர்லன் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் புத்தகத்தை வெளியே எடுத்தான். சந்தையில் பூசணிக்காய் வாங்குகிறவனைப் போல இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான்.

“கனம் ஏறியிருக்கு. புத்தி ஏறின மாதிரி தெரியல,” என்றான்.

நாங்கள் நான்கு பேர். ஆர்லன் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். கர்ட் வீடுகளுக்கு வெப்பமூட்டி மாட்டித் தருபவன். அவன் தங்கை லியோனா முடி திருத்தும் கடை வைத்திருப்பவள். நான், மார்லிஸ், ஜேன்ஸ்வில் ஊரில் இருபத்தொன்பது வருஷம் மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுத்தவள். சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு கர்ட் வீட்டின் கீழ்த்தளத்தில் கூடி, பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடுகிற ‘பாதாளக் கோட்டை’ ஆடுவோம். முப்பத்தொரு வருஷமாக ஆடுகிறோம்.

அவர்கள் மூவரும் ஆளுக்கொரு பாத்திரம். ஆர்லன் கோடாலி பிடித்த குள்ளன், கர்ட் திருடன், லியோனா வைத்தியக்காரி. கதை நடத்துபவள் நான். கதையில் வரும் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்வேன், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்பேன், பகடை உருளும். சண்டை சச்சரவு வந்தால் விதிப்புத்தகம் தீர்க்கும். ஆனால் எங்கள் மேஜையில் யாரும் அதைத் திறந்ததில்லை. முந்நூறு பக்கமும் என் தலைக்குள் இருந்தது. ஆர்லன் கேட்பான், நான் சொல்வேன். அவ்வளவுதான்.

“இருவது வருஷமா என் குள்ளன் கோடாலிய ஒத்தக் கையில புடிச்சான்,” என்று ஆர்லன் பக்கங்களைப் புரட்டிப் பொருமினான். “இப்ப ரெண்டு கை வேணுமாம். அவனுக்கென்ன மூட்டு வலியா?”

“உனக்கு இருக்கே, அவனுக்கு இருக்கக் கூடாதா?” என்றாள் லியோனா. “என் வைத்தியக்காரிக்கு இப்பத்தான் கொஞ்சம் மரியாதை கெடச்சிருக்கு. வாய மூடு.”

கர்ட் ஓட்டெடுப்பு வைத்தான். ஜனவரியிலிருந்து புதிய பதிப்பில் ஆடுவது என்று மூன்று பேர் கை தூக்கினோம். ஆர்லன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நானும் கை தூக்கினேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அப்போது பயமில்லை.

அது முழுக்கப் புதிய ஆட்டமில்லை. திருத்திய பதிப்பு. பத்தில் எட்டு விதி அப்படியே இருந்தது. மீதி இரண்டு, பெயர் அதே, உள்ளே மட்டும் வேறு. இரண்டு வாரத்தில் படித்துவிடலாம் என்று நினைத்தேன். தினமும் காலையில் ஓட்ஸ் கஞ்சியோடு சமையலறை மேஜையில் உட்கார்ந்து படித்தேன். படிக்கும்போது தெளிவாகத்தான் இருந்தது. மறுநாள் அதே பக்கத்தைத் திறந்தால் யாரோ ராத்திரி வந்து வேறு பக்கத்தை அச்சடித்து ஒட்டிவிட்டுப் போனது போல இருந்தது.

வயசு அறுபத்து மூன்று, இதெல்லாம் சகஜம் என்று சொல்லிக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அதைச் சொல்வது நின்றுபோயிற்று. என் அப்பா பண்ணைகளில் பால் எடுக்கும் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் காலையில் காரை எடுத்துக்கொண்டு ஸ்வென்சன் பண்ணைக்குப் போய், வாசலில் பாலுக்காகக் காத்து நின்றார். அந்தப் பண்ணையை மூடிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்று அவருக்கு அறுபத்தைந்து.

அப்பாவின் ஞாபகம் வந்த பிறகுதான் நான் புத்தகத்தைத் திட்ட ஆரம்பித்தேன். இணையத்தில் ஆட்டக்காரர்கள் கூடும் மன்றத்தில் பக்கம் பக்கமாக எழுதினேன். விதிகளைக் குழப்பிவிட்டார்கள், பெயரை வைத்துக்கொண்டு உயிரை எடுத்துவிட்டார்கள் என்று எழுதினேன். முகம் தெரியாத நூறு பேர் சபாஷ் போட்டார்கள். ஆர்லன் தொலைபேசியில் கூப்பிட்டு, “நல்லா நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்ட, மார்லிஸ்!” என்று குதூகலித்தான். கோபப்படுகிறவளை யாரும் சந்தேகப்படுவதில்லை. குற்றம் புத்தகத்தில் இருக்கிறவரைக்கும் என் தலையில் இல்லை. படுக்கையில் பழைய விதிகளை முதல் பக்கத்திலிருந்து ஒப்பித்துப் பார்ப்பேன். ஒன்று கூடத் தவறாது. அது ஆறுதலாக இருக்க வேண்டும். அப்பாவுக்கும் ஸ்வென்சன் பண்ணைக்குப் போகிற வழி தவறவில்லை.

ஜனவரியில் இரண்டு சனிக்கிழமை சமாளித்தேன். சண்டையே வராத கதையாக நடத்தினேன். சந்தை, விருந்து, ராஜாவிடம் முறையீடு. மூன்றாவது வாரம் ஆர்லன் பொறுமை இழந்தான்.

“என் கோடாலி துரு புடிக்குது தாயே! யாரையாவது அனுப்பு.”

பனிக்காட்டில் ஓநாய்க் கூட்டம் பாய்ந்தது என்றேன். “நீங்க யாரும் எதிர்பாக்கல. அதனால மொத சுத்துல ஒண்ணும் பண்ண முடியாது.”

“அது பழசு,” என்றான் கர்ட். “புதுசுல பண்ணலாம். கடைசியா பண்ணணும், அவ்ளோதான்.”

“அப்படி ஒரு விதியே கெடையாது.”

“இருக்கு, மார்லிஸ்.”

“முப்பது வருஷமா நடத்தறேன். நீ எனக்கு விதி சொல்றியா? வெப்பமூட்டிய மாட்டற வேலையப் பாரு!”

சொன்ன குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. லியோனா பாலாடைக்கட்டித் துண்டை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினாள். கர்ட் எட்டி, என் முன்னால் இருந்த என் புத்தகத்தையே எடுத்து நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தான். என்னிடம் தள்ள வந்தவன் தள்ளவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான்.

“குடு இப்படி,” என்று பிடுங்கினேன்.

அந்த விதிக்கு அருகே ஓரத்தில் பென்சிலில் என் கையெழுத்து: ‘இது மாறியிருக்கு. கர்ட் கட்டாயம் கேட்பான்.’ அதற்குக் கீழே நீல மையில், அதே கையெழுத்து: ‘இது மாறியிருக்கு! கர்ட் கேட்பான்.’ அதற்கும் கீழே பச்சை மையில், இடம் போதாமல் நெருக்கி எழுதியிருந்தது: ‘இது மாறியிருக்கு, கர்ட் கேட்பான், மறக்காதே.’ ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டிருந்தேன். கடைசித் தேதி இரண்டு நாளைக்கு முந்தைய வியாழக்கிழமை.

மூன்றில் ஒன்றைக்கூட எழுதியதாக எனக்கு நினைவில்லை. மேலே இருந்ததைப் பார்த்துவிட்டுத்தானே கீழே எழுதியிருப்பேன்? மூன்றாவதாக எழுதியவள் மற்ற இரண்டையும் பார்த்துவிட்டு என்ன நினைத்தாள்? அவள் எங்கே போனாள்?

“என்னப்பா, ஓநாய் கடிச்சிருச்சா எல்லாரையும்?” என்றான் ஆர்லன். அவன் இருந்த பக்கம் எழுத்து தெரியவில்லை.

“எனக்கு வயிறு சரியில்ல,” என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினேன்.

சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். லியோனா பின்னாலேயே வந்து குழாயை மூடினாள்.

“எவ்ளோ நாளா?”

“என்ன எவ்ளோ நாளா?”

“முடி வெட்டிக்க போன வாரம் ரெண்டு தடவ அதே அப்பாயின்ட்மென்ட் கேட்ட. நான் கிண்டல்னு நெனச்சேன்.” குழாயைப் பிடித்த கையை அவள் எடுக்கவில்லை. “எவ்ளோ நாளா, மார்லிஸ்?”

நான் சொன்னேன். சொல்லச் சொல்ல அது உண்மையாகிக்கொண்டே வந்தது. பாதியில் மற்ற இருவரும் மேலே வந்துவிட்டார்கள். ஆர்லன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கினான்.

“இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பேச்சு?” என்றான். “பழைய புஸ்தகத்துலயே ஆடுவோம். எனக்கு அந்தப் புதுசு மொதல்லயே புடிக்கல. பழசுதான் உனக்குத் தலகீழா தெரியுமே. யாருக்கும் ஒண்ணும் தெரியாது.”

அவன் அன்பாகத்தான் சொன்னான். அதற்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதுதான் என்னை உலுக்கியது. பழைய புத்தகத்துக்குள் நான் முழுசாக இருப்பேன். மறதி கூடுவது எனக்கே தெரியாமல் போய்விடும்.

“வேண்டாம்,” என்றேன். “டாக்டர்கிட்ட போகணும். யாராவது கூட வாங்க. தனியாப் போனா பாதி வழியில திரும்பிடுவேன்.”

கர்ட் வந்தான். நாங்கள் எப்போதும் கேலி செய்கிற, கறை படிந்த வேலைச் சட்டையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். டாக்டர் பொத்தான், ஏணி, கரடி, மணி, நதி என்று ஐந்து சொல் சொல்லிவிட்டு வேறு எதையெதையோ கேட்டார். பிறகு அந்த ஐந்தையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். பொத்தான், நதி என்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஓநாய் என்றேன். கர்ட் தரையைப் பார்த்தான்.

ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்து முடிக்க ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் ஒவ்வொரு காலையிலும் கண் விழித்ததும் என்ன கிழமை என்று எனக்கு நானே கேட்டு, சரியா என்று பார்க்கப் பயந்து படுத்திருந்தேன். முடிவு வந்தபோது அது அப்பாவுக்கு வந்த அதே மறதி நோய்தான். ஆரம்ப நிலை, சீக்கிரம் வந்திருக்கிறீர்கள், மருந்து இருக்கிறது, மெதுவாக்கலாம் என்றார் டாக்டர். அவர் சொன்னதை கர்ட் ஒரு தாளில் எழுதிக்கொண்டான். டென்வரில் இருக்கும் மகளுக்கு அன்றே பேசினேன். அவள் அழுதாள். நான் பேருந்து நிறுத்தத்தில் யாருக்கோ வழி சொல்கிறவளைப் போல விவரமாகப் பேசி முடித்தேன்.

மார்ச்சில் கர்ட் கதை நடத்த ஆரம்பித்தான், புதிய பதிப்பில்தான். நான் முதல்முறையாக மேஜையில் ஆடுகிறவர்கள் பக்கம் உட்கார்ந்தேன். எனக்கென்று ஒரு பாத்திரம் எழுதிக் கொடுத்தார்கள், வழிகாட்டிப் பெண். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்.

“நான் தப்பாச் சொன்னா உடனே சொல்லிடணும். எரக்கப்படக் கூடாது.”

“உன்மேல எவன் எரக்கப்படுவான்?” என்றான் ஆர்லன். ஆனால் என் பக்கம் பார்க்கவில்லை.

அன்று மதியம் கர்ட் இரண்டு தடவை திருத்தினான். அதில் வலி இல்லை, ஏறக்குறைய சந்தோஷமாகக்கூட இருந்தது. மூன்றாவது தடவை நான் பகடையை உருட்டிக் கணக்குச் சொன்னபோது அவன் வாயைத் திறந்தான். லியோனாவைப் பார்த்தான். திறந்த வாயை மூடிக்கொண்டு, “சரி, அடுத்து?” என்றான்.

அந்த ‘சரி’யைப் போல எதுவும் என்னைப் பயமுறுத்தியதில்லை. டாக்டரின் அறைகூட இல்லை. இனி இவர்கள் முகத்தையும் நான் நம்ப முடியாதா?

“கர்ட்,” என்றேன். “இப்ப ஏன் சொல்லல?”

அவன் காகிதங்களை அடுக்கினான், கலைத்தான், திரும்ப அடுக்கினான். “அஞ்சு நிமிஷம் முன்னாடி இதையேதான் சொன்னேன்,” என்றான் கடைசியில். “அது உனக்கு ஞாபகமில்லன்னு தெரிஞ்சதும்... பயந்துட்டேன் மார்லிஸ்.”

லியோனா மேஜைக்கடியில் என் முழங்கையைத் தேடிப் பிடித்தாள்.

“நானும்தான் பயந்து கெடக்கேன்,” என்றேன். “இருந்தாலும் சொல்லு.”

கர்ட் மூச்சை இழுத்துவிட்டு, என் கணக்கு எங்கே தப்பு என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.