ஒரு நூல் கீழே

மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க என் வேலை, கோணலை மறைப்பதுதான். காது ஏற்ற இறக்கமாக இருக்கட்டும், மூக்கு ஒருபக்கம் ஒதுங்கியிருக்கட்டும், ஃபிரேம் மட்டும் நேராக உட்கார வேண்டும். அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை ஆயில் பெயின்டிங் வகுப்பில் சேர்ந்ததும் வீட்டில் எல்லோரும் கேலி செய்தார்கள். அக்கா மட்டும், "என்னை வரைவியா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முகவாதம் வந்து இடது இமை சரிந்ததிலிருந்து அக்கா ஒரு போட்டோவுக்கும் நின்றதில்லை. என் கல்யாண ஆல்பத்தில்கூட அவள் முதுகுதான் இருக்கிறது. ஆனால் வகுப்பில் ஒரு சட்டம்: பழைய ஓவியம் ஒன்றைப் பிரதி எடுத்துத் தேறினால்தான் ஆளை உட்காரவைத்து வரையலாம். அக்கா மனசு மாறுவதற்குள் நான் தேறியாக வேண்டும்.

எனக்குக் கிடைத்தது ஒரு ரொகோகோ காலத்துச் சீமாட்டி, ஐரோப்பாவில் முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஆள். ரோஜா நிறப் பட்டு, பவுடர் அப்பிய கொண்டை, சிரிப்பை அடக்கிய உதடு. கன்னத்துக்குச் சிவப்புக்கு மேல் சிவப்பாகப் பூசினேன். பல்வலிக்காரி மாதிரி ஆகிவிட்டாள். சுரண்டிவிட்டு, அடியில் சாம்பல் கலந்த பச்சை பூசி, காய்ந்தபின் மேலே ரோஜா நிறத்தை மெல்லத் தேய்த்ததும் ரத்தம் ஓடியது பாருங்கள், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை! கடைக்கு வந்தவர்கள் கன்னத்திலெல்லாம் பச்சையைத் தேடி முறைப்பு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முடித்த அன்று கர்வத்தோடு நின்றேன். மாஸ்டர் என்னைவிட வயதில் சின்னவர். மூலப்படத்தின் அச்சையும் என் கேன்வாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார்.

"லட்சணமா இருக்காங்க. ஆனா உயிரில்லையே, மேடம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எங்க இல்ல? காட்டுங்க!"

அவர் ஸ்கேலைக் குறுக்கே வைத்தார். என் சீமாட்டியின் கண்கள் இரண்டும் ஒரே கோட்டில் இருந்தன. அச்சில் ஒரு கண் ஒரு நூல் கீழே இருந்தது. அந்த இமையும் கொஞ்சம் கனத்திருந்தது.

"கண்ணாடி மாட்ட ரெடி பண்ணிட்டீங்க," என்றார்.

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டர்பன்டைனில் நனைத்த துணியால், இன்னும் ஈரமாயிருந்த அந்தக் கண்ணை அப்படியே துடைத்தெடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நூல் இறக்கி வரைந்தேன். இமையைத் தளர்த்தினேன். அவ்வளவுதான், அந்தப் பொம்பளை என்னைப் பார்த்துக் கண்ணடிக்காத குறை!

"வந்துட்டா! வந்துட்டா!" என்று கத்தினேன். பக்கத்துப் பலகைக்காரர் தூரிகையைக் கீழே போட்டார்.

மாஸ்டர் காதைப் பொத்திக்கொண்டு, "அடுத்த வாரம் ஆளைக் கூட்டிட்டு வாங்க," என்றார்.

சாயம் மேலே படாமல் படத்தை வீட்டுக்குத் தூக்கிவந்து அக்கா முன்னால் நிறுத்தினேன். ஸ்கேல் கதையை மூச்சுவிடாமல் கொட்டினேன். அவள் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ இப்படியேவா வந்து உக்காந்தா?"

"இப்படியேதான்க்கா."

அக்காவின் கண்ணாடிக்குத் தடித்த கறுப்பு ஃபிரேம். சரிந்த இமை வெளியே தெரியாமலிருக்க நான்தான் தேடிப் பிடித்து மாட்டிவிட்டேன். அவள் அதைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"இது இல்லாம வரை. நேராக்கிகீராக்கி வெச்சே, கொன்னுடுவேன்."