நான் வாசித்த கன்னட இலக்கணம்

என் வீட்டுக்காரர் மாதவராஜுக்குக் கண் பார்வை இல்லை. வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. பாப்பாரப்பட்டிப் பக்கம் கன்னடம் பேசும் குடும்பம். மைசூரில் கன்னட எம்.ஏ. முடித்தவர். கல்லூரி வேலைக்கான தகுதித் தேர்வில் இரண்டு முறை தோற்றார். இரண்டு முறையும் காலை வாரியது பழைய இலக்கணம்தான். எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய அந்த நூல்களைப் படித்துக்காட்டச் சொன்னால் போன் உளறியது. இந்த முறையும் தோற்றால் விட்டுவிடுவேன் என்றார்.

அதனால் நான் இறங்கினேன். தமிழ்க்காரி, பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். மூன்று மாதத்தில் கன்னட எழுத்தைக் கற்றுக்கொண்டு, சமையலுக்கு நடுவே வாசித்துப் போனில் பதிவு செய்தேன். விதிகள் எல்லாம் செய்யுள். மனப்பாடம் பண்ணவே அப்படி எழுதினார்களாம். வீட்டில் பேசும் கன்னடம் புரியும், இது எனக்கு ஒரு மண்ணும் புரியாது. அவருக்கோ வரிக்கு வரி குறை.

ஒருநாள், "நீ படிக்கறதக் கேட்டா எழுதுனவரே எந்திரிச்சு ஓடிருவாரு, கலை," என்றார். புத்தகத்தை மூடி பீரோ மேல் போட்டேன். பதினொரு நாள் தொடவில்லை. தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. அவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, எனக்கும் இறங்கிவரத் தெரியாது.

பன்னிரண்டாம் நாள் பெல்லாரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவளுக்கும் பார்வை இல்லை, அதே தேர்வு. இவர் எனக்குத் தெரியாமல் நண்பர்களுக்கு அனுப்பிய என் பதிவுகள் கைமாறிப் பதினேழு பேரிடம் ஓடுகின்றனவாம். குக்கர் விசில், எங்கள் சண்டை எல்லாம் சேர்த்தே கேட்கிறார்களாம். மூன்றாம் அத்தியாயம் பாதியில் நிற்கிறதே, அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று கன்னடத்தில் கேட்டாள். போனை வைத்துவிட்டு அவரிடம் போனேன்.

"அனுப்புனத ஏங்க சொல்லல?" என்றேன்.

"சொன்னா கூச்சப்பட்டு நிறுத்திருவியோன்னு பயந்தேன்." அப்புறம் சொன்னார்: "எனக்கு வேற யாரு கொரலு இருக்குது?"

இதையே ஒரு மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன். அடுப்பை அணைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து படித்தேன். ஐந்தாவது விதியில் ஒரு நெடிலை விழுங்கினேன். அவர் முகம் சுருங்கியது, வாய் திறக்கவில்லை. நானே நிறுத்தி, அந்த வரியை மறுபடி சரியாகப் படித்தேன். தப்பு என்று யாரும் சொல்லவில்லை, எனக்கே தெரிந்திருந்தது.