வியாழக்கிழமை நகல்

தங்கையின் கணினி காலையில் உயிரை விட்டபோது அக்காவுக்குப் பெரிதாகப் பதற்றம் ஒன்றும் வரவில்லை. லேசாகக் கருகல் வாடை, திரை ஒருதரம் வெளிறியது, பிறகு இருட்டு. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று கைவைத்ததுமே தெரிந்தது. தெரிந்தால் என்ன? இந்த அலுவலகத்துக் கணினிகளெல்லாம் அவள் பொறுப்பு. தினமும் மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு ஒவ்வொரு கணினியின் டிஸ்க்கும் ஓர் எழுத்து விடாமல் அப்படியே நகலாகி, நெட்வொர்க் வழியாகக் கீழறை சர்வருக்கு வந்து சேர்ந்துவிடும். கடைசி ஐந்து மாலைகளின் நகல்களை சர்வர் வைத்துக்கொள்ளும். ஆறாவது வரும்போது பழையதைத் தள்ளிவிடும். இன்று செவ்வாய். நேற்றைய நகலும் பத்திரமாக வந்திருந்தது.

"முகத்தைத் தூக்கி வெச்சுக்காதே. மத்தியானத்துக்குள்ள எல்லாம் திரும்பி வந்துடும்" என்றாள்.

தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில் நியாயம் இருந்தது. பிளாஸ்டிக் பொருட்களை வார்க்கும் அச்சுகளுக்கு வரைபடம் போட்டுத் தரும் நிறுவனம் அது. அவள் சேர்ந்து இரண்டு மாதம். தனியாக அவள் வரைந்த முதல் படம், குழந்தைகள் திறக்க முடியாத மருந்துப் பாட்டில் மூடிக்கான அச்சு. நாளைக் காலை அது பட்டறைக்குப் போயாக வேண்டும். படம் சரியாக வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுவனத்தை நடத்தும் மேடம் முதல் நாளே ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

அக்கா கணினியைக் கீழறைக்குத் தூக்கிவந்து, உதிரியாக வைத்திருந்த ஒரே ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, திங்கட்கிழமை நகலை இறக்க ஆரம்பித்தாள். பழைய நெட்வொர்க். ஒரு நகல் இறங்கக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பிடிக்கும். முழுசாக இறங்கி முடிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் வழியில்லை. அவள் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாசித்தாள்.

மத்தியானம் கணினி கண் விழித்தது. திரையில் ஒரு பூனை, வெயிலில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

தங்கைக்கும் பூனைக்கும் ஆகவே ஆகாது. அது பக்கத்து நாற்காலிக்காரருடைய பூனை. அவரை எல்லோரும் கிண்டலாகப் புயல் என்பார்கள். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் மற்றவர்கள் ஒரு படம் வரைந்து முடித்துவிடுவார்கள் என்பதால் அந்தப் பெயர். ஆனால் கோடு போட்டால் மயிரிழை பிசகாது.

அக்கா பூனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. தங்கை சேர்ந்தபோது புதுக் கணினியில் மென்பொருள்களை ஒவ்வொன்றாக ஏற்ற அலுப்புப்பட்டு, புயலின் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து அதில் போட்டிருந்தாள். அரைநாளில் வேலை முடிந்தது, மேடம்கூடப் பாராட்டினார். ஆனால் ஒவ்வொரு கணினிக்கும் உள்ளே ஓர் அடையாள எண் உண்டு. அதைவைத்துத்தான் சர்வர் ஆளைக் கண்டுபிடிக்கும். அந்த எண்ணை மாற்ற மறந்திருந்தாள். ஆக இரண்டு மாதமாக சர்வருக்கு இவர்கள் இருவரும் ஒரே ஆள்தான். மாலையில் இரண்டு கணினியும் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்து சேரும், முந்தி வந்ததன் தலைமேல் பிந்தி வந்தது ஏறி உட்காரும். புயலின் கணினியும் அவரைப் போலத்தான், எப்போதும் கடைசியாகத்தான் வந்து சேரும்.

அப்படியானால் அவருடைய கணினி ஓடாத மாலை ஒன்று இருந்திருக்க வேண்டும். அன்று மட்டும் தங்கையின் நகல் பிழைத்திருக்கும். அவள் இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே போனாள்.

நடந்ததை இருவரிடமும் சொன்னாள். கடைசி ஐந்து நாளில் என்றைக்காவது உங்கள் கணினி அணைந்திருந்ததா என்று புயலைக் கேட்டாள்.

"நான் லீவு போட்டு யாராவது பாத்திருக்காங்களா, டாக்டரம்மா?" என்று சிரித்தார். கணினிகளுக்கு வைத்தியம் பார்ப்பதால் அவருக்கு அவள் டாக்டரம்மா. "நானே போடல, என் மெஷின் மட்டும் போடுமா?"

"இல்லக்கா. தினமும் ஓடிச்சு" என்றாள் தங்கை.

உடனே சொன்னாள். அதுதான் அக்காவை உறுத்தியது. இவள் பசிக்கிறதா என்று கேட்டால்கூட யோசித்துப் பதில் சொல்கிறவள். பொய் மட்டும்தான் சின்ன வயதிலிருந்தே பட்டென்று வரும்.

கீழே வந்து வெள்ளிக்கிழமை நகலை இறக்கப் போட்டாள். குருட்டாம்போக்குதான், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. இது தப்பினால் இன்னும் ஒரு தடவைக்குத்தான் நேரம் மிச்சம். புத்தகம் கையில் நிற்கவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், கழுவிய கோப்பையை மறுபடி கழுவினாள். நெட்வொர்க் பெட்டியின் சின்ன விளக்குகள் மினுக்மினுக்கென்று அவளைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்தன. புயல் ஏதோ ஒருநாள் வரவில்லை, அது தங்கைக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்? மேடம் போன வாரம் முழுக்கப் பட்டறையில்தான் இருந்தார். மேலே அந்த அறையில் அவரோடு உட்காருகிறவள் இவள் ஒருத்திதான்.

தங்கையை மாடிப்படிக்குக் கூப்பிட்டாள். ஏன் என்று கேட்க மாட்டேன், எந்த நாள் என்று மட்டும் சொல்லு என்றாள். தங்கை கைப்பிடிச் சுவரின் உரிந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள். வெகுநேரம் நின்றாள். இந்த மௌனம் பொய்யில்லை என்று அக்காவுக்குத் தெரிந்தது.

"சொல்ல மாட்டேன்னு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டேன்க்கா."

"வேலை போயிடும்டி."

"போனா போகுது. எனக்கு இன்னொண்ணு கெடைக்கும்."

அந்த 'எனக்கு' என்ற சொல்லில் மற்றொருவருக்குக் கிடைக்காது என்பதும் இருந்தது. அக்கா மேலே நிமிர்ந்து பார்த்தாள். படி முடியும் இடத்தில் கதவு பாதி திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம்தான் புயலின் நாற்காலி. அவள் குரலை உயர்த்தினாள்.

"இன்னும் ஒரே தடவைதான் நேரம் இருக்கு. தப்பான நாளை எடுத்தேன்னா உன் ரெண்டு மாச உழைப்பும் மண்ணாப் போச்சு. மூடியும் போச்சு, வேலையும் போச்சு. அப்புறம் என்னைக் கேக்காதே."

தங்கை அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மேலே போனாள்.

வெள்ளிக்கிழமையும் பூனைதான் வந்தது. இனி வியாழன், புதன், போன செவ்வாய், மூன்றில் ஒன்று. அக்கா மவுஸில் கைவைத்தபடி அழுத்தாமல் இருந்தாள். அழுத்தினால் தீர்ந்தது, அழுத்தாவிட்டாலும் நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்தச் சமயம் பார்த்து மேடம் பட்டறையிலிருந்து நேராகக் கீழறைக்கே வந்துவிட்டார். படம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார். அக்கா எழுந்து நின்று, ஒரே எண் வந்த கதையைப் பூசி மெழுகாமல் சொன்னாள். தப்பு தன்னுடையது, தங்கையுடையது அல்ல என்றாள். யார் தப்பாக இருந்தாலும் நாளைக் காலை அச்சாக வெட்ட வேண்டிய இரும்புக்கட்டி இயந்திர மேடையில் ஏறிவிடும், எனக்குப் படம் வேண்டும் என்றார் மேடம். குரலில் கோபம் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக, நிதானமாக.

"வியாழக்கிழமையை எடுங்க, டாக்டரம்மா" என்றார் புயல்.

மேடம் திரும்பினார்.

"அன்னைக்கு நான் வரல, மேடம். நீங்க போன் பண்ணப்போ சீட்ல இருக்கேன்னு சொன்னேன். கண் ஆஸ்பத்திரி வரிசையில நின்னுட்டுத்தான் பேசினேன்."

அக்கா வியாழக்கிழமை நகலை அழுத்தினாள். சர்வர் உறுமத் தொடங்கியது.

"கண்ணுக்கு என்ன?" என்றார் மேடம்.

"நடுவுல மங்குது. ஓரமெல்லாம் நல்லாத் தெரியும். நேரா ஒரு கோட்டைப் பாத்தா அந்தக் கோட்டை மட்டும் காணோம்." இதைச் சொல்லும்போது அவர் மேடத்தின் முகத்தைப் பார்க்காமல் தோளுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்தார். அப்படிப் பார்த்தால்தான் அவருக்கு முகம் தெரிகிறது என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப போன மாசம் போன படமெல்லாம்?"

அவர் தயங்கினார். "பக்கத்து சீட்டுப் பொண்ணு பாத்துக் குடுத்தா. ஒண்ணும் திரும்பி வரலியே."

மேடம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வெகுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து, முதலில் இந்த மூடி போகட்டும், மற்றதை நாளைக்குப் பேசலாம் என்றார். மற்றது என்றால் எது, யாருடையது என்று சொல்லவில்லை. புயல் தலையாட்டிவிட்டு வந்தது போலவே ஒவ்வொரு படியாக ஏறிப் போனார்.

அவர் கணினியின் கேபிள் ஒருநாள் கழன்று கிடந்தது என்று மேடத்திடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அக்காவுக்கு அப்புறம் தோன்றியது. மேலே போய் அவர் காதோடு கேட்டிருக்கலாம். எந்த நாள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லியிருக்கலாம். எத்தனையோ வழி இருந்தது. படியில் நின்றபோது ஒன்றுகூட ஏன் நினைவுக்கு வரவில்லை? அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

வியாழக்கிழமை நகலில் மூடி இருந்தது. முக்கால்வாசி முடிந்த மூடி. திருகும் மரைகள் எல்லாம் சரியாக இருந்தன. வெள்ளியும் திங்களும் போட்ட அளவுகள் மட்டும் இல்லை. ராத்திரி உட்கார்ந்தால் முடித்துவிடலாம் என்றாள் தங்கை. மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். புயலும் போய்விட்டார். கணினியை மேலே பழைய இடத்தில் வைத்ததும் தங்கை வரையத் தொடங்கினாள். அக்கா அவள் கணினிக்குப் புது எண் கொடுத்தாள். அதற்குமேல் அந்த அறையில் அவளுக்கு வேலை இல்லை. ஆனாலும் போகவில்லை.

"மூடி நல்லா வந்திருக்கு. இனி உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள்.

தங்கை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"படியில நின்னு அவ்ளோ சத்தமாப் பேசினியே. அவர் காதுல விழணும்னா?"

அக்கா ஜன்னல் பக்கம் போனாள், திரும்பி வந்தாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ஆமா" என்றாள்.

தங்கை யோசித்தாள். எப்போதும்போல நிதானமாக, நீளமாக. பிறகு ஓர் அளவை அழித்துவிட்டு, அதே இடத்தில் அதையே திரும்பக் குறித்தாள்.

"நாளைக்கு அவரோட நானும் மேடம் ரூமுக்குப் போவேன். நீ வராதே."

சரி என்றாள் அக்கா. போகச் சொல்கிறாளா, இருக்கச் சொல்கிறாளா என்று தெரியவில்லை. கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவே நின்றுகொண்டு, தங்கை போடும் ஒவ்வொரு கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.