மச்சான் முகத்தைத் திருப்பினான்

நான் டயர் கடையில் வேலை செய்கிறவன். நாள் முழுக்க லாரிச் சக்கரங்களைக் கழற்றி மாட்டுகிற கை இது. அதனால்தான் கை மல்யுத்தத்தில் ஜெயிக்கிறேன் என்று கடையில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மை அது இல்லை. பலம் பாதிதான், மீதி மணிக்கட்டு. நடுவர் குரல் கொடுத்த நொடியில் எதிராளியின் விரல்கள் மேல் ஏறி, அவன் மணிக்கட்டைப் பின்னால் சாய்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அவன் மலை மாதிரி இருந்தாலும் அவன் பலம் கைக்கு வந்து சேராது. அப்புறம் கையால் அமுக்கவே கூடாது. கையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு உடம்பையே சாய்க்க வேண்டும். இரண்டு வருஷம் தோற்றுத் தோற்றுத்தான் இதெல்லாம் எனக்குப் பிடிபட்டது.

என் மனைவியின் தம்பிக்கு இரண்டு நாற்காலி போட்ட ஒரு சலூன் இருக்கிறது. கத்தரி பிடிக்கிற ஆள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத உடம்பு. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மட்டும் என்னிடம் எட்டு முறை தோற்றிருக்கிறான்.

"சாப்பிட்ட உடனே கை போட்டா எப்படி மாமா ஜெயிக்கிறது?" என்பான்.

"இன்னும் சோறே போடலடா" என்பாள் அவன் அக்கா.

எப்படி ஜெயிக்கிறேன் என்று அவன் பல முறை கேட்டான். நான் சிரித்து மழுப்பினேன். அப்போது ஒன்றையாவது சொல்லியிருக்க வேண்டும். தோற்கிற நேரத்தில் உடம்பைக் கையிலிருந்து திருப்பக் கூடாது. கை பின்னால் நிற்க, முகமும் தோளும் வேறு பக்கம் போனால் மேல்கை எலும்பு முறுக்கிக்கொண்டு ஒடியும். இந்த ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கிடங்கில் போட்டி. எங்கள் எடைப்பிரிவில் பதினோரு பேர். மச்சான் வெறும் பலத்திலேயே மூன்று பேரைச் சாய்த்துவிட்டு இறுதிச் சுற்றுக்கு வந்து நின்றான். எதிரில் நான்.

"யாருக்குக் கை தட்டுறது நான்?" என்று முன்வரிசையிலிருந்து என் மனைவி கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

முதல் இழுப்பில் எங்கள் பிடி வியர்வையில் வழுக்கிப் பிரிந்தது. அப்படிப் பிரிந்தால் இருவர் கையையும் சேர்த்து வாரால் கட்டிவிடுவது விதி. நடுவர் இறுக்கிக் கட்டினார்.

மறுபடி தொடங்கியதும் அவன் மணிக்கட்டைச் சாய்த்தேன். அவன் கை பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. இன்னொரு சாய்ப்புப் போதும். அப்போதுதான் மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினான். தோளும் கூடவே போனது. கை தனியாகப் பின்னால் நின்றது.

நான் கத்தினேன்.

"மச்சான், இந்தப் பக்கம் திரும்பு! கையைப் பாரு!"

"ஏமாத்தாதீங்க மாமா" என்றான், மூச்சை விடாமல்.

"சத்தியமாடா! ஒடிஞ்சிடும்!"

நடுவர் குனிந்து முழங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சலில் என் குரல் அவர் காதுக்குப் போகவில்லை. கையை உருவலாம் என்றால் வார். வேறு வழி தெரியாமல் பிடியைத் தளர்த்தினேன். நான் களைத்துவிட்டேன் என்று நினைத்து, அவன் இருக்கிற பலத்தை எல்லாம் சேர்த்து இழுத்தான்.

காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம். கிடங்கு முழுக்கக் கேட்டது.

மச்சான் மேசைக்குக் கீழே சரிந்தான். அவன் கை மட்டும் என் கையோடு கட்டுண்டு மேலே நின்றது. நான் அசைந்தால் அவனுக்கு வலிக்கும் என்று மூச்சைக்கூட விடாமல் நின்றேன். நடுவர் இழுத்த இழுப்புக்கு வாரின் கொக்கி கழன்று வரவே இல்லை. "அவிழுங்க, அவிழுங்க" என்று என் மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிடும் என்றார் டாக்டர். ஆனால் அந்த எலும்பைச் சுற்றிப் போகிற நரம்பு நசுங்கியிருக்கிறதாம். மணிக்கட்டைத் தூக்குகிற நரம்பு. "மூணு மாசம் ஆகலாம், வருஷமும் ஆகலாம். பார்ப்போம்" என்றார். அதற்கு மேல் கேட்டதற்கெல்லாம் "பார்ப்போம்" மட்டும்தான்.

வெளியே வந்ததும் என் மனைவி கேட்டாள். "இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

அதன்பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஏழு வாரம் ஆகிறது. மச்சான் தினமும் சலூனைத் திறந்து வைக்கிறான். நேற்றுப் போனபோது வாடிக்கையாளர் நாற்காலியில் அவனே உட்கார்ந்திருந்தான். வலது கை மணிக்கட்டிலிருந்து துவண்டு மடியில் கிடந்தது.

"மாமா, இப்ப தூக்குறேன், பாருங்க."

கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றி வியர்த்தது. கை கிடந்தபடியே கிடந்தது.

"அசைஞ்சுதா?"

"லேசா அசைஞ்ச மாதிரிதான் இருக்கு" என்றேன்.

"இல்ல மாமா" என்றான், கோபமே இல்லாமல். "எதிர்ல கண்ணாடி இருக்குல்ல."